சோதனைச் சாவடி எஃப்.சி.

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி.
பக்கத்தில், வேறு மையில், 786.
கீழே ராவுத்தரின் சாய்ந்த எழுத்து:
பந்து ஒன்று, ரூபாய் நூற்றுப்பத்து.
எண்பத்தாறு, ஆவணி.

வேலந்தாவளத்தில் அப்போது
லாரிகள் இரவெல்லாம் நிற்கும்.
சீல் விழ விடியும்.
பில்லில் ஒரு எழுத்துப் பிசகினால்
மறுநாளும் விடியும்.
நாமக்கல், நெல்லூர், நாசிக் ஓட்டுநர்கள்
வரப்பில் குந்தி ஆட்டம் பார்த்தார்கள்.
எந்த அணி எந்த ஊரென்று தெரியாது,
பந்து எவன் காலிலோ
அவனுக்குக் கத்தினார்கள்.
தலைக்கு இரண்டு ரூபாய்.
டிக்கெட் கிழித்தவன் நான்.

பாலக்காடு லீக், பி டிவிஷன்.
சம்பளம் உண்டு, ஆகவே தொழில்முறை கிளப்:
ஆட்டத்துக்கு நாற்பது, புரோட்டா இரண்டு,
ஜெயித்தால் பீஃப்.
கோலி ஆறுச்சாமி சுமட்டுக்காரன்.
பந்தைத் தட்டத் தெரியாது அவனுக்கு,
பிடித்துத் தோளுக்கு மாற்றுவான்
சிமெண்ட் மூட்டையைப் போல,
இறக்க இடம் தேடுவான்.

சட்டை கொடுத்தது கஞ்சிக்கோட்டு லாட்டரி ஏஜென்சி.
மார்பில் கொட்டை எழுத்தில் நாளை குலுக்கல்.
மேற்கே அது விளம்பரம்,
கிழக்கே அது குற்றம்.
பொள்ளாச்சி மைதானத்தில்
ஏட்டு ஒருவர் சட்டையைப் படித்துவிட்டு
லத்தியால் தொட்டுக் காட்டினார்.
பதினோரு பேரும் உள்பக்கம் திருப்பி மாட்டினோம்.
தையல் வெளியே, ஏழு இடவலம் மாறி.
ரெஃப்ரியின் மஞ்சள் அட்டை
செய்யாதவனுக்குப் போயிற்று.
நாலு கோல்.
பிறகு பாலக்காட்டிலும்
பெரிய ஆட்டமென்றால் திருப்பித்தான்.

க்வாபெனா வந்தது ஒன்பதில்.
செவன்ஸ் சீசன் முடிந்து
முட்டியில் கட்டோடு, மழையோடு.
கானாக்காரன்.
வரப்பிலிருந்து யாரோ குப்பண்ணா என்றான்,
நிலைத்துவிட்டது.
இரண்டு வருஷம் ஏ டிவிஷன்.
ஆட்டத்துக்கு அறுநூறு, போன் கார்டு ஒன்று.
கார்னர் எடுக்குமுன்
கோரையாற்றுப் பக்கம் திரும்பி
என்னவோ சொல்வான், யாரும் கேட்கவில்லை.
மூன்று ஆட்டச் சம்பளம் பாக்கியிருக்க
ஒரு வெள்ளிக்கிழமை போனான்.

பதினேழு, ஜூலை ஒன்று.
நாடு முழுக்க ஒரே வரி என்றார்கள்.
தடுப்புக் கம்பு நிமிர்ந்தது,
பிறகு இறங்கவில்லை.
கியர் மாற்றாமல் போயின லாரிகள்.
அந்த ஞாயிறு கேட் வசூல் தொண்ணூறு,
டிக்கெட் பத்து, ஆள் ஒன்பது,
அதில் நாலு பேர் லெஃப்ட் பேக்கின் சொந்தம்.
சாவடி அறையில் இப்போது கோழிக்கடை.

இ டிவிஷன். அதற்கும் கீழே எழுத்தில்லை.

முன்பெல்லாம் பந்து தார்ப்பாயில் விழுந்தால்
டிரைவரே எழுந்து உதைப்பார்,
சில சமயம் எங்களைவிட நன்றாக.
போன வாரம் அடித்தது
எம்-சாண்ட் ஏற்றிய டாரஸில் விழுந்தது.
நின்றால்தானே.
மணலில் அழுந்தி, அசையாமல்,
சித்தூர் பக்கம் போனதைப்
பதினொருவரும் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்கள்.

செலவில் எழுதினேன்: பந்து ஒன்று.
அதன் கீழே, மார்ச்சுக்கு மார்ச்
புதுப் பக்கத்துக்கு ஏற்றிவரும் அந்த வரி,
குப்பண்ணா பாக்கி, 1,800.