உப்புக் காற்றுக்கு உத்தரவாதம் இல்லை

வெள்ளிவிழா மலருக்கு
கம்பெனி வரலாறு ஒரு பக்கம் வேண்டுமென்று
கோயம்புத்தூரிலிருந்து மெயில்.
"இருநூறு சொல்லுக்குள், மேடம்.
கண்ணீர் வேண்டாம், வளர்ச்சி போதும்."

எழுதுகிறேன்.

உச்சிப்புளியில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி,
அம்மோனியா வாடை சுவரைவிட்டுப் போகாத கூடம்.
துபாயில் கடிகாரம் பழுதுபார்த்துத் திரும்பிய சீனி காசிம்,
பரமக்குடி ஐடிஐயில் வயர்மேன் படித்த சேதுமாணிக்கம்.
முதலீடு
ஒருவர் மனைவியின் வளையல்,
இன்னொருவர் மனைவியின் கோபம்.

முதல் சரக்கு கீழக்கரைக்கு.
பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரப் பலகை,
ஐந்து வக்துக்கும் ஐந்து வரிசைச் சிவப்பு எண்கள்.
அஸர் மட்டும் இரண்டு நிமிடம் முந்திக்கொண்டது.
மோதினார் மேலே பார்த்தார்,
கைக்கடிகாரம் பார்த்தார்,
கைக்கடிகாரத்தையே நம்பினார்.
காசு அடுத்த மாதம்தான் வந்தது.

பதினோராவது ஆளாக நான் சேர்ந்தேன்.
பெயர் ஜெசிந்தா, வேலை டெஸ்டிங்.
எல்லா இடத்திலும் எட்டை எரியவிட்டு
எந்தக் கோடு எரியவில்லையென்று பார்ப்பது.
எட்டுக்குள் எல்லா எண்ணும் இருக்கிறது.
நாள் முழுக்கச் சிவப்பைப் பார்த்துவிட்டு
வீட்டில் கண்ணை மூடினால்
இமைக்குள் பச்சையாய் ஓர் எட்டு
தூங்காமல் நிற்கும்.

பிறகு பஸ்காரர்கள் தமிழ் கேட்டார்கள்.
இங்கிலீஷ் ஏழு வரிசைக்குள் கைகால் மடக்கி உட்காரும்.
நமக்குப் பதினாறு எடுத்தும்
தொண்டியின் கொக்கி மேலே இடித்தது,
தூத்துக்குடியின் வால் கீழே தட்டியது.
மண்டபத்துக்கு இரண்டு புள்ளி,
புள்ளிக்கு ஒரு விளக்கு.
ஐப்பசிக் காற்றில் ஒரு விளக்கு செத்து
மணடபம் என்று ஓடியது ஒரு வண்டி, மூன்று வாரம்.
"வண்டி சரியான ஊருக்குத்தான் போகுது" என்றார் சேதுமாணிக்கம்,
"நம்ம பேருதான் வேற எங்கயோ போகுது."

பாம்பன் ஏலக்கூடத்தை
மலரில் போடமாட்டார்கள்.
ஏழின் தலைக்கோடு அணைந்தால் ஒன்று.
கூவுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்த விடியற்காலை,
குமாஸ்தா பலகையைப் பார்த்தே சீட்டு எழுதினான்.
எழுநூற்றுப் பத்துக்குப் போன இறால்
நூற்றுப் பத்தென்று நின்றது.
புஷ்பராணி பலகையை அண்ணாந்து பார்த்து,
மனிதரைக் கேட்பதுபோல் கேட்டாள்:
"ஒங்கப்பன் வீட்டு எறாலா?"
பதினொரு கிலோ.
ஆறாயிரத்து அறுநூறு
காசிம் பாய் சட்டைப்பையிலிருந்து எண்ணி வைத்தார்.
பேரேட்டில் 'இதர செலவு' என்று நான்தான் எழுதினேன்.
உப்புக் காற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று
வாரண்டிச் சீட்டில் ஒரு வரி சேர்க்கலாமே என்றேன்.
"இங்க வேற காத்து எங்கம்மா இருக்கு?" என்றார்.

சீனாவிலிருந்து மாட்யூல் வந்தது.
எட்டு நாள் பற்றவைத்த வேலை
நாலு ஸ்க்ரூவில் முடிந்தது.
பதினேழு பேர் நாலு பேர் ஆனோம்.
பங்காளிகளுக்குள் சண்டை இல்லை, பேச்சும் இல்லை.
ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மகனிடம் ஷார்ஜா போனார்,
ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்,
திரும்பி வரவில்லை.
கோயம்புத்தூர் வாங்கிய பட்டியலில்
மேசை ஆறு, சால்டரிங் அயர்ன் ஒன்பது,
கடன், பிறகு நான்.
டிஸ்ப்ளே கம்பெனியின் புதுப் பெயர்ப்பலகை
ஃப்ளெக்ஸில் வந்தது.
நான் சொன்ன வரி
வாரண்டிச் சீட்டில் அச்சாகி வந்தது.

இருநூறு எப்போதோ தாண்டிவிட்டது.
இதற்குள் பாம்பனிலிருந்து போன்.
வாரண்டி முடிந்து ஒன்பது வருடம் என்று
சொல்ல வாயெடுத்து, பஸ் ஏறினேன்.
மீன்பெட்டிமேல் நின்று, செதில் வழுக்க,
தலைக்கோட்டை மாற்றினேன்.
ஒன்று ஏழானது.
கீழே ஒரு வியாபாரியின் முகம்
சட்டென்று அணைந்தது.
புஷ்பராணி மேலே பார்க்கவேயில்லை,
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.