கீழே கையெழுத்திடவும்

எட்மன்டனில் டிசம்பர் விடிய
ஒன்பது மணி ஆகிவிடுகிறது.
இருட்டில், பஸ்ஸில்,
கையுறையைப் பல்லால் கழற்றி அகராதியைத் திறந்தேன்.
சபார்டினேட்:
கீழ்ப்பட்டவர். கீழ்நிலையர். சார்நிலை ஊழியர்.

சார்நிலை என்றால்
சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருக்கிற மாதிரி.
இலக்கணத்தில் அது தனியே நிற்காத வாக்கியம்;
‘மழை வந்தால்’ என்று பாதியில் நின்று
யாரோ கொண்டுவரப்போகும் வினைக்காகக் காத்திருக்கும்.
நல்ல சொற்கள்தான். யார் வாயிலும் வராது.

வாயில் வருவது ‘கீழே’.
அவருக்குக் கீழே ஆறு பேர்.
எனக்குக் கீழே இருந்தவன், இன்றைக்கு எனக்கே மேனேஜர்.
கீழ்ப்படி என்பதற்குள்ளும் ஒரு படி இருக்கிறது,
அதில்தான் நிற்கச் சொல்கிறார்கள்.

விசாரணை ஏழாவது மாடியில்.
வேம்பரசி, ஐம்பத்திரண்டு வயது,
விடுதியில் அறை துடைப்பவர்.
பதினோரு வாரச் சம்பளம் வரவில்லை.
அவர் எங்கள் ஊழியரே அல்ல,
தனக்குத்தானே முதலாளி
என்கிறது விடுதி அனுப்பிய கடிதம்.

அதிகாரி கேட்டதைத் தமிழில் கேட்டேன்:
‘மிஸஸ் ஓல்சனுக்குக் கீழதானே வேலை பாத்தீங்க?’

‘இல்லைங்க. நான் நாலாவது மாடி.
அவங்க ஆபீஸ்தான் கீழ,
பாய்லர் பக்கத்துல.’

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பேனாவைச் சாய்த்தார்,
இல்லை என்று எழுத.
அந்த ஒரு சொல்லின் விலை பதினோரு வாரம்.
கையைத் தூக்கி, விளக்க அனுமதி வாங்கி,
‘இடத்தைக் கேக்கலைங்க’ என்றேன்,
‘அவங்களுக்குக் கீழ்ப்பட்டு இருந்தீங்களான்னு...’
அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.
சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.
‘மொதல்லயே புரிஞ்சுதுங்க.
கீழத்தெருவுல பொறந்தவ நான்.
அந்த வார்த்தையால கூப்பிட்டா திரும்பாம இருக்கறதுக்கே
இருவது வருசம் ஆச்சு.
காசுக்காக இப்பத் திரும்பணுமா?’

பிறகு, வேகமாக:
‘சொன்ன நேரத்துக்கு வந்தேன். சொன்ன ரூமைத் தொடச்சேன்.
ஜன்னல் விளிம்பை வெரலால தடவிப் பாத்துட்டு
மறுபடி தொடன்னாங்க, தொடச்சேன்.
காய்ச்சல்னு சொன்னப்பவும் வான்னாங்க, போனேன்.
இதுக்கு உங்க சட்டத்துல என்ன பேரோ
அதைப் போட்டுக்கச் சொல்லுங்க.
என் வாயால வராது.’

ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.
கீழத்தெருவில் மட்டும் நாக்கு நின்றது.
கிழக்குத் தெரு என்றால்
இந்த ஊர் வரைபடத்தில் இன்னொரு கடைவீதி.
தாழ்ந்த தெரு என்றால் திசை தொலைந்துவிடும்;
சூரியன் வருகிற பக்கத்துக்கும்
ஆளைத் தள்ளிவைக்கிற பக்கத்துக்கும்
நாங்கள் ஒரே வேரை வைத்திருக்கிறோம்.
இரண்டையும் சொன்னேன்.
எது சரி, என்றார் அதிகாரி.
இரண்டும், என்றேன்.
நான் மேலத்தெரு.
அதை அங்கே யாரும் கேட்கவில்லை.
வேம்பரசிக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்,
என் தமிழிலேயே தெரிந்திருக்கும்.

கடைசியில் படிவம் வந்தது.
அடியில் ஒரு கோடு, பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம்.
அதையும் நான்தான் சொல்ல வேண்டும்.
‘கீ...’ என்று தொடங்கிவிட்டு
‘இந்தக் கோட்டுல’ என்று மாற்றினேன்.
வேம்பரசி, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, தமிழில்,
நிதானமாக எழுதினார்.
ஒரு எழுத்தும் கோட்டைத் தொடவில்லை.
விரலளவு மேலே இருந்தது எல்லாம்.

தீர்ப்பு ஆறு வாரத்தில் தபாலில் வரும்.

கீழே வந்து, லிஃப்ட் பக்கத்தில் நின்று
என் கூலிச் சீட்டை நிரப்பினேன்.
மேலதிகாரி: எவருமில்லை.
பணி: ஒப்பந்தம்.
மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால்
பஸ் காசு கிடையாது.
இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.