சேம்பிலை

தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள்.
தேங்காய்ப்பட்டணத்தில் போட்டுகள் கட்டிக் கிடந்தன.
சாளைத் தலை விழாத அலுமினியத் தட்டை
நக்கி நக்கி வெளுக்க வைத்திருந்தது ராக்கெட்.

இரவு முழுக்க மழை.
இனயத்தில் எங்கள் கிணற்றடியில்
சேம்பு இடுப்பளவு நின்றது.
விடிந்து பார்த்தால்
அதன் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில்.
முன்னங்காலால் முகத்தை வழித்துக்கொண்டே இருந்தது.
தண்ணீர் வைத்தேன்,
தலையைத் திருப்பியது.

அது போதும்.
“பேப்பட்டி!” என்றார் டெலிக்ஸ், மதிலுக்கு மேலாக.
அந்தச் சொல் என்னைவிட வேகமாகத் தெருவில் இறங்கியது.
துடுப்போடு ஒருவன்,
நங்கூரக் கயிற்றோடு ஒருவன்,
வேலையில்லாத கடல் முழுவதும்
என் வாசலில் வந்து நின்றது.
பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவடைத்தார்கள்.

நான் ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறவள்.
குறைந்திருப்பது முதலில் கண்ணில் படும்.
சேம்பில் ஓர் இலை பாதிதான் இருந்தது.
கடித்த விளிம்பில் இன்னும் நீர் கசிந்தது.

“இலைய பாருங்க” என்றேன்.
யாரும் இலையைப் பார்க்கவில்லை.
நாயைப் பார்த்தார்கள்,
பிறகு நாய்க்கு முன்னால் நிற்கிற என்னை.

பெர்ஜின் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு
ஊசி போட்ட அட்டையை எடுத்து வந்தான்.
ஜனவரி பதினாறு. ஆஸ்பத்திரி முத்திரை.
ஈரக் கைகளில் மாறி மாறி அட்டை ஊற
ஏர்போர்ட் அதிகாரிகள் மாதிரி வாசித்தார்கள்.
துடுப்புதான் முதலில் தாழ்ந்தது.

கருங்கலில் டாக்டர் லீமா அதன் வாயைக் கழுவினார்.
“பச்சச் சேம்பு கண்ணாடித் தூள் மாதிரி குத்தும்.
நமக்கே தொண்ட அரிக்குமே.”
சாயங்காலம் உதட்டு வீக்கம் வடிந்தது.

மீன் இல்லாத நாளில் கீரை கொடுக்கலாமா என்று கேட்டேன்.
சீட்டின் பின்பக்கம் நிறைந்துவிட்டது.
முருங்கை இலை என்றால்
காம்பில்லாமல் வேகவைத்து, சோற்றோடு ஒரு ஸ்பூன்.
தண்டுக்கீரை எப்போதாவது, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு,
கல் இருக்கிற நாய்க்கு அதுவும் வேண்டாம்.
முட்டைக்கோஸ் கொஞ்சம்தான், கூடினால்
“வீட்டுக்குள்ள நீங்க இருக்க முடியாது.”
மரச்சீனி இலையின் பக்கமே விடக்கூடாது.
“உள்ளிய அரிச்சு எடுத்துட்டு குடுத்தா?”
“குழம்புல இறங்கினது இறங்கினதுதான். பூண்டும் அப்படியே.”
உப்பு கூடாது.

கடைசி வரியில் பெர்ஜின் சிரித்தான்.
போன மாதம் அவன் பிரஷருக்கு
வேறொரு டாக்டர் எழுதிய அதே வரி.
அதை நாலாய் மடித்து
எஞ்சின் அறையில் செருகிவிட்டு வந்தவன்.

இப்போது மத்தியானம்தோறும்
உப்பில்லாமல் முருங்கை வேகிறது, ஒரே சட்டியில்.
அவனுக்கு மட்டும் பிறகு தேங்காய் துருவிப் போடுகிறேன்.
ராக்கெட் சோற்றைத் தின்றுவிட்டு
இலையைத் தட்டோரம் ஒதுக்குகிறது.
நான் பெர்ஜினின் தட்டைப் பார்க்கிறேன்.
அவன் ராக்கெட்டின் தட்டைப் பார்க்கிறான்.
பச்சை ஓரங்கள் இரண்டும் ஒரே மாதிரி.

நேற்று டெலிக்ஸ் மதிலுக்கு மேலாக
ஒரு கொத்து முருங்கை நீட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
வாங்கித் திரும்பும்போது பார்த்தேன்,
அவர் வாசலில்
துடுப்பு இன்னும் வெளியேதான் சாத்தியிருக்கிறது.

கடல் திறக்க
நாற்பத்தொரு நாள் இருக்கிறது.
கிணற்றடியில் சேம்பைப் பிடுங்கிய குழியில்
மழைத் தண்ணீர்.
ராக்கெட் அதைத்தான் குடிக்கிறது,
சட்டியில் வைத்ததை விட்டுவிட்டு.