நான்கு புள்ளி இரண்டு

கடையில் பதினோரு யூரோ.
அதைச் சொல்லிவிட்டுத்தான் வோய்கோ கேட்டான்:
உன் மிஷினில் வருமா, டின்காரா?
வரும் என்றேன்.
வருமா என்று எனக்கே தெரியாது.

மிஷின் என்றால்
மேசை டிராயரிலிருந்து கழற்றிய இரண்டு தண்டவாளம்,
இட்ரியா பள்ளிக்கூடம் தூக்கிப்போட்ட பிரிண்டர்களின்
மூன்று மோட்டார்,
என் மாமியார் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்
ஒரு ரொட்டிப் பலகை.
பகலில் நான் ஓட்டுவது பேருந்து,
ட்செர்க்னோ மலைச்சாலையில்.
இரவில் இது.
இதுவும் வளைவில் கொஞ்சம் இழுக்கும்.

வேண்டியது ஒரு சல்லடை.
தேன்கூட்டின் கீழறைக்கும் மேலறைக்கும் நடுவே
ஒரு தகடு, நானூற்றெட்டுப் பிளவு,
ஒவ்வொன்றும் நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
வேலைக்காரத் தேனீ நுழையும்.
ராணி நுழைய மாட்டாள்.
மேலே தேன், கீழே பிள்ளைகள்:
இந்த ஏற்பாடெல்லாம்
ராணியின் மார்பு அகலத்தை நம்பி.

அரை மில்லிமீட்டர் அலுமினியம்.
கனத்த தகடு தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும்.
மெல்லிசு அப்படியில்லை.
நாலு மூலையும் திருகி இறுக்கினாலும்
நடுவில் மூச்சுவிடும்.
முனை இறங்கியதும் எழும்பி
அதைக் கவ்வும்.
அப்புறம் ஒரு சத்தம்,
எதிர்வீட்டு நாய்,
எதிர்வீட்டு விளக்கு.
முதல் இரவில் மூன்று முனை ஒடிந்தது.
ஒன்று நான்கு யூரோ.
கணக்கை நான் வோய்கோவிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துப் புரிந்தது,
தகட்டை மேலிருந்து அழுத்தக் கூடாது,
அடியிலிருந்து பிடிக்க வேண்டும்.
பலகைக்கு ஒரு காகித டேப்,
தகட்டின் முதுகுக்கு ஒரு காகித டேப்,
இரண்டுக்கும் நடுவே சூப்பர் பசை.
முனை சூடேறாதிருக்க
வோய்கோவின் ப்ளம் சாராயத்தைப்
பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியில் ஊற்றிப் பீய்ச்சினேன்.
அறை முழுக்கக் கல்யாண வாசனை.
ஐந்தரை மணி நேரம்.
மின்னல் மின்னலாய்ச் சீவல்
என் சட்டைக் கையில், தேநீரில்,
மறுநாள் பேருந்து இருக்கையில்.

வெட்டியது மிஷின்.
பிசிறு எடுத்தது நான்.
ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும்
கண்ணுக்குத் தெரியாத, விரலுக்குத் தெரிகிற
ஒரு பல்.
அது சிறகைக் கிழிக்கும்.
அரத்தால் ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம்,
எண்ணூற்றுப் பதினாறு தடவை.
இருநூறுக்கு மேல்
தேனீக்களை எனக்குப் பிடிக்காமல் போனது.

ஜூலையில் வோய்கோ வந்தான்.
கையில் மேலறையின் ஒரு சட்டம்.
தேன் இருக்க வேண்டிய கண்ணறைகளில்
வெள்ளைப் புழுக்கள்,
சுருண்டு, கொழுத்து, பாலில் மிதந்து.
ஒன்றும் சொல்லவில்லை அவன்.
சட்டத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு
தொப்பியைத் தேடினான், தலையில் இருந்தது.
ராணி மாடி ஏறிவிட்டாள், என்றான்.

தகட்டைக் கழுவி, வெர்னியரை எடுத்து
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
நான்கு புள்ளி இரண்டு. நான்கு புள்ளி இரண்டு.
நான்கு புள்ளி ஒன்று எட்டு; பரவாயில்லை.
பதினான்காம் வரிசை, ஐந்தாவது பிளவு:
நான்கு புள்ளி ஏழு.
அந்த இடத்தில் டேப்புக்கு அடியே
ஒரு காற்றுக்குமிழி இருந்திருக்கும்.
தகடு அங்கே ஒருமுறை
மூச்சுவிட்டிருக்கும்.
நான் தேநீருக்குப் போயிருப்பேன்.

நானூற்றெட்டில் ஒன்று.
இருட்டில், மெழுகு வாசனையில்,
ஆயிரக்கணக்கான கால்களுக்கு நடுவே
உடம்பையே அளவுகோலாக்கி
ஒவ்வொன்றிலும் மோதிப் பார்த்திருக்கிறாள்.
எனக்கு வெர்னியர் இருந்தும்
இரண்டு மணி நேரம் ஆனது.

வோய்கோ கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றான்.
வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

இப்போது மணி பதினொன்றரை.
நாளை முதல் பேருந்து ஐந்து பத்துக்கு.
புதுத் தகடு.
இந்த முறை டேப்பை விரலால் இல்லை,
கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன்,
நடுவிலிருந்து ஓரத்துக்கு,
காற்று வெளியேறும் வரை.