பெயர் சொல்லாதவள்

நாரின் ஆற்றுக்கு மேலே, வானிலை நிலையத்தில்
காலை ஆறு மணிக் கணக்கைச் சொல்கிறாள் ஷாய்ர்குல்.
காற்று, நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
குளிர், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மேகம் எங்கே? கேட்கிறது வானொலி.
வாய் நின்றுவிடுகிறது.

சிகரத்தின் பெயர் மம்பெத்.
அளக்க வந்தவன்
இது யார் மேய்ச்சல் என்று கேட்டு
வந்த பதிலை வரைபடத்தில் எழுதிப் போனான்.
அவள் மாமனாரும் மம்பெத்.
மருமகள் நாக்கில் அந்தப் பெயர் ஏறக்கூடாது.

அதற்கு முன்பு அது யாருடையதும் அல்லாத சேறு.
கடலடியில் சிப்பிமேல் சிப்பி விழுந்து
சுண்ணாம்பாய் இறுகிக் கிடந்தது.
தெற்கே ஒரு நிலம் வந்து முட்ட,
மடிந்து, எழுந்து,
இன்னும் எழுகிறது
ஆண்டுக்கொரு நெல்மணிக் கனம்.
உச்சிச் சரிவில் உருண்டு வந்த கல்சிப்பி ஒன்று
அவள் பதிவேடு பறக்காமல் பிடித்திருக்கிறது.

அதைப் பார்த்தபடி சொல்கிறாள்:
"உப்புக் கிழவர்
தொப்பி போட்டுக்கொண்டார்."

பிஷ்கெக்கில் புதுப் பையன்
வரைபடம் முழுக்கத் தேடினானாம்.
மாலையில் அவனே கேட்டான்,
கிழவர் தொப்பியைக் கழற்றினாரா?

இல்லை, என்றாள்.
காதுவரை இழுத்துவிட்டிருக்கிறார்.
ஆடுகளை இறக்கச் சொல்.