மூலையுள்ள குளம்

ஓவிய ஆசிரியர் வாரத்தில் மூன்று அரைநாள்தான் வருவார்.
இந்த வெள்ளி அவருக்கு வேறு பள்ளி.
ஆறாம் வகுப்பின் கடைசி இரண்டு பீரியட்
என் தலையில்.
நான் கணக்கு டீச்சர்.
கோலத்தில் புள்ளி பிசகினால் கண்டுபிடிப்பேன்,
அதற்குமேல் எனக்கும் வண்ணத்துக்கும்
பேச்சுவார்த்தை இல்லை.

அவர் எழுதி வைத்துவிட்டுப் போன தாளில் இருந்தது:
பிரான்சில் ஓர் ஓவியர். பெயர் மோனே.
'எதுகை மோனையா டீச்சர்?' என்றான் வல்லரசு.
வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம்.
வைக்கோல்போரையே
விடியலில், உச்சியில், பனியில், அந்தியில்
திரும்பத் திரும்ப வரைந்தவர்.
பிறகு தோட்டத்தில் குளம் வெட்டி
அல்லி விட்டு
அதையே வரைந்துகொண்டிருந்தவர்.
'ஏன், வேற எடமே கெடைக்கலையா?'
பதில் தாளில் இல்லை.

ஒத்தக்கடைப் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால்
வைக்கோல்போருக்கு எங்கே போவது?
ஜன்னலைத் திறந்தேன்.
யானைமலை படுத்தது படுத்தபடி,
தும்பிக்கையை நீட்டிக்கொண்டு.
ஆளுக்கொரு பொழுதாகப் பிரித்தேன்,
வகுத்தல் எனக்கு வரும்.
ஆறு மணி மலைக்குச் சண்டை.
இர்ஃபானுக்குச் சாயங்காலம்,
அவன் டப்பாவில் ஆரஞ்சு மட்டும்தான் மிச்சம்.
உச்சிவேளை வல்லரசுக்கு.
'அப்ப நான் சாப்பிட்டுட்டு இருப்பேனே' என்றவன்
மலைக்கு முன்னால் ஒரு தட்டும்
தட்டில் மலையைவிடப் பெரிய முட்டையும் வரைந்தான்.
மழைநேரத்து மலை யாருக்கும் வேண்டாமாம், கலர் கம்மி.
ஏழைகாத்தாள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்து, குளம்.
முற்றின வெண்டைக்காய் ஒரு கிலோ,
பாதி விலைக்கு வாங்கி வைத்திருந்தேன்.
குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துத்
தாளில் குத்தினால் பூ.
ஐந்து அறை, ஐந்து முனை.
இத்தனை வருடம் சாம்பாரில் போட்ட ஐங்கோணத்தை
இன்றுதான் பார்க்கிறேன்.

முப்பத்தொரு குளம்.
எல்லாம் வட்டம், எல்லாம் நீலம்,
அல்லி நெரிசலில் தண்ணீரே தெரியவில்லை.
முப்பத்திரண்டாவது
அடிக்கோல் வைத்துப் போட்டது.
செவ்வகம்.
நான்கு பக்கமும் ஆள்மட்டப் படிகளாக வெட்டு.
தண்ணீர், சோடா பாட்டில் பச்சை.

'குளத்துக்கு மூலை உண்டா?' என்று கேட்டுவிட்டு
தெப்பக்குளம் ஞாபகம் வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஏழைகாத்தாள் தெப்பக்குளத்தைச் சொல்லவில்லை.
'எங்கூர்ல இருக்கு டீச்சர்.
மலை இருந்த எடம்.'

மேலூர் தாண்டி அவள் ஊர்.
ஜூனில்தான் இங்கே வந்து சேர்ந்தாள்.

'ஆழம் எவ்வளவு?'
கணக்கு டீச்சர் வேறென்ன கேட்பாள்.
'அப்பா கயிறு விட்டுப் பாத்தாரு.
கயிறு தீந்துருச்சு.'

நீளம் உண்டு. அகலம் உண்டு.
கொள்ளளவு காண்க என்று
பலகையில் எழுத முடியாத கணக்கு.

'அல்லி குத்தலையா?'
'அதுல வராது டீச்சர்.
காலூன்றத் தரை வேணும்ல.'
சொல்லிவிட்டு
நீலத்தில் கொஞ்சம் சிவப்பை விட்டுக் குழைத்து
வெண்டைக்காய்த் துண்டைத் தோய்த்து
தண்ணீரை விட்டுத் தள்ளி, கரைக்கு மேலே
உடைகல் குவியலில் குத்தினாள்.
ஒன்று, ரெண்டு, ஏழு.
'இது எருக்கு.'
ஊதாவும் சாம்பலும். ஐந்து முனை.
சரியாகத்தான் இருந்தது.

வராந்தாவில் கயிறு கட்டிக் கிளிப் போட்டோம்.
முட்டையோடும் முட்டையில்லாமலும்
மலைகள் காற்றில் ஆடின.
ஜன்னலில் இருந்த மலை
எங்கள் டப்பாக்களில் இல்லாத ஒரு நிறத்துக்கு
மாறிக்கொண்டிருந்தது.

கை கழுவப் போகாமல் அங்கேயே நின்றவள் கேட்டாள்:
'டீச்சர், இது இங்கயே இருக்குமா?'
'எது?'
'மலை.'

மணி அடித்தது.
வல்லரசு மிச்ச வெண்டைக்காயைச்
சாயம் படாத பக்கமாகப் பார்த்துக் கடித்துக்கொண்டிருந்தான்.
அவனைத் திட்டப் போய்விட்டேன்.