அந்தப் பக்கம் பார்

முத்துக்கடையிலிருந்து சிப்காட் போகிற சாலையில்
இரண்டு ஷட்டர், ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின்,
நான்.

ஒன்பது மணிக்கு எர்த் கிளாம்ப்பைக் கவ்வவிட்டு
முதல் ராடைத் தட்டும்போதே
தேவநேசன் லேத்தில் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
பதினாறு வருஷம் பக்கத்தில் நின்றும்
என் வேலையை அவர் பார்த்ததில்லை.
டீ கொண்டுவரும் பையன் பார்த்ததில்லை.
பில் எழுதும் ஜக்கரியா பாய் பார்த்ததில்லை.
"கண்ணு, கண்ணு" என்று கத்திவிட்டுத்தான்
கையையே அசைக்க வேண்டும் எனக்கு.

கண்ணாடிக்குள் கடை கிடையாது, ராணிப்பேட்டை கிடையாது.
ஒரு பச்சைப் பொட்டு.
அதன் பின்னால் உருகி நிற்கும் சின்னக் குட்டை.
குட்டைக்கு ஒரு கரை.
கரையைப் பார்க்க வேண்டும்.
நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பவன் ஓட்டை போட்டுவிடுவான்.

மேல்விஷாரத்துத் தோல் கம்பெனி டிரம்முக்குக் கதவுக் கொண்டி,
ஏழு ராடு.
பள்ளிக்கூடத்து கேட் கீல், இரண்டு.
காலில் போடும் இரும்புப் பட்டை உடைந்து
ஒருவர் ஒற்றைக் காலில் வந்தார்.
கீழே கிடந்த அரைத் துண்டு ராடு போதுமாயிருந்தது.
பாய் காசு வாங்கவில்லை, கணக்கிலும் எழுதவில்லை.

பதினொன்றரைக்கு வோல்டேஜ் இறங்கியது.
ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது,
கடன்காரன் கையைப் பிடித்த மாதிரி.
அந்த நேரம் பார்த்து டேங்கர் டிராக்டர் வந்து நின்றது.

"இன்னாண்ணே, அஞ்சு நிமிஷ வேலை.
அடியில ஒரு கீறல் கீது. ஒரு இழு இழுத்துவுடு."

மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன்.
கூமுட்டை வாசனை.
"இன்னா ஏத்துன?"
"தண்ணிதான்."
"எந்தத் தண்ணி?"
ஜீவரத்தினம் டயரை உதைத்துப் பார்த்தான்.

"நல்லா கழுவு. வாய் வரைக்கும் தண்ணி ரொப்பு.
ராத்திரி நிக்கட்டும். காலைல வா."

"பயந்தாங்கொள்ளிய வச்சிக்கினு கடை நடத்துறீங்களே பாய்."
பாய் ஒன்றும் சொல்லவில்லை.
நான் ராடு பற்றவைக்காதபோதும்
அந்தப் பக்கம் பார்த்தார்.

டிராக்டர் பெல் ரோட்டுப் பக்கம் போனது.
அங்கேயும் வெல்டிங் கடை இருக்கிறது.
அங்கேயும் ஒருத்தன் வீட்டு வாடகை கட்டுகிறான்.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் காதால் செய்த வேலை.
சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன், காது பெல் ரோட்டில்.
கசடு தட்டினேன், காது பெல் ரோட்டில்.
மூன்று மணி சுமாருக்கு டப்பென்று ஒரு சத்தம்.
மாஸ்க்கைத் தூக்கினேன்.
லேத் நின்றிருந்தது.
தேவநேசன் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பஞ்சர் கடை," என்றார். "லாரி டியூப்."
மறுபடி சுவிட்சைப் போட்டார்.
கொஞ்ச நேரம் என் கை கோடு தப்பியது.
அந்தத் தையலை கிரைண்டர் வைத்துத் தேய்த்து
இரண்டாவது தடவை போட்டேன்.

ஆறு மணிக்குத் துண்டுகளை எண்ணினேன்.
பெயின்ட் டப்பாவில் முப்பத்தி நாலு.
கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல்,
இது தினமும் இருப்பதுதான்.
ஷட்டரை இறக்கப் போகையில்
டிராக்டர் திரும்பி வந்தது.
டேங்கர் வாய் தளும்பத் தண்ணீர்.

"அங்க கரண்ட் இல்லண்ணே," என்றான் ஜீவரத்தினம்.
அவ்வளவுதான்.
நானும் வேறெதுவும் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன்.
நாங்கள் தேடித் தடவாமலே
கீறல் தானாகத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது.
அடி வயிற்றில் ஒரு விரல் நீளம்,
சொட்டு, சொட்டு, கொஞ்சம் நின்று, சொட்டு.
சாக்பீஸால் சுற்றிப் போட்டேன். ஈரத்தில் பிடிக்கவில்லை.
சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

தேவநேசன் பக்கத்தில் வந்து குந்தினார்.
கண்ணைத் திருப்பவில்லை.
பாயும் வந்தார், சாவிக்கொத்தோடு.
ரோட்டு விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரும்
அது சொட்டுவதையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.